தந்தியின் தலையில் ஓர் எண்

வெளியூர்க் கிளையிலிருந்து "இன்னாருக்கு இவ்வளவு ரூபாய் கொடுக்கவும்" என்று ஒரு தந்தி வந்தால், அதை மட்டும் நம்பிப் பணத்தைக் கொடுத்துவிட முடியாது. தந்தி ஆபீஸில் யார் வேண்டுமானாலும் எந்த வங்கியின் பெயரிலும் தந்தி கொடுக்கலாம். வந்து சேரும் தாளில் கையெழுத்து கிடையாது, ரப்பர் ஸ்டாம்ப் கிடையாது. அதனால் ஒவ்வொரு தந்தியின் தலையிலும் ஓர் எண் இருக்கும். டெஸ்ட் நம்பர் என்போம். எண்பதுகளில் மயிலாப்பூரில் நான் வேலை பார்த்த கிளையில் டெலிகிராபிக் டிரான்ஸ்ஃபர் மேஜை என்னிடம் இருந்தது. காலையில் முதல் வேலை அந்த எண்களைச் சரிபார்ப்பதுதான்.

அந்த எண் எப்படி உருவானது என்பதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். இனி வரப்போவதெல்லாம் அதைப் பிடித்துக்கொண்டுதான் வரும். பெட்டகத்துக்குள் ஒரு கோட் புத்தகம் இருக்கும். அதில் பன்னிரண்டு மாதங்களுக்கும் தனித்தனி எண், தேதிகளுக்கு ஓர் அட்டவணை, தொகைக்கு ஓர் அட்டவணை, பெறும் கிளை ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். இவற்றோடு அந்தக் கிளைக்கு அனுப்பும் எத்தனையாவது தந்தி என்ற வரிசைக்கும் ஓர் எண் உண்டு. எல்லாவற்றையும் கூட்டி, கடைசியில் இன்னொரு அதிகாரி மட்டும் வைத்திருக்கும் நிலையான எண்ணையும் சேர்த்தால் டெஸ்ட் நம்பர் கிடைக்கும். அனுப்புகிறவர் கூட்டிப் போடுவார். பெறுகிறவர் தன் புத்தகத்தைப் பார்த்து மறுபடியும் கூட்டுவார். இரண்டும் ஒத்துவந்தால் சிவப்பு மையில் 'டெஸ்ட் அக்ரீஸ்' என்று எழுதி இனிஷியல் போட வேண்டும். அதற்குப் பிறகுதான் பணம். புத்தகம் ஒருவர் கையில், நிலையான எண் மற்றவர் கையில். ஒருவரே நினைத்தாலும் ஒரு தந்தியைப் புனைய முடியாது.

எனக்கு வேலை கற்றுக்கொடுத்த அக்கவுண்டன்ட் ஒவ்வொரு எண்ணும் ஏன் இருக்கிறது என்பதைச் சொல்லித்தான் கற்றுக்கொடுத்தார். தொகை எண் இல்லையென்றால் வழியில் ஒருவன் ஆயிரத்தைப் பத்தாயிரமாக்குவான். தேதியும் வரிசை எண்ணும் இல்லையென்றால் போன மாதம் வந்த உண்மையான தந்தியையே இந்த மாதம் மறுபடி கொடுத்துப் பணம் வாங்குவான். பெறும் கிளையின் எண் இல்லையென்றால் மதுரைக்குப் போக வேண்டிய தந்தியை மயிலாப்பூருக்குத் திருப்பிவிடுவான். 'தந்தி உண்மையா என்பது பாதிக் கேள்வி. இந்தத் தந்தி, இன்றைக்கு, நமக்கு வந்ததா என்பதுதான் முழுக் கேள்வி' என்பது அவர் பாடத்தின் சாரம். யார் இதையெல்லாம் முதலில் யோசித்து வைத்தார்கள் என்று நான் கேட்டதற்கு, அடிபட்டவர்கள் யோசித்து வைத்தார்கள் என்றார்.

மயிலாப்பூருக்கு இந்தக் கவலை புதிதல்ல. மயிலாப்பூர் இந்து பர்மனென்ட் ஃபண்ட் தொடங்கியது 1872-இல். பணத்தைப் பிறர் பொறுப்பில் விட்டு வைக்கும் பழக்கம் வந்தவுடனே, வந்து கேட்பவர் அவர்தானா என்ற கேள்வியும் வந்துவிடுகிறது. நேரில் வருகிறவருக்கு முகம் இருக்கிறது, மாதிரிக் கையெழுத்து அட்டை இருக்கிறது, "இவர் எனக்குத் தெரிந்தவர்" என்று சொல்லப் பக்கத்துத் தெருக்காரர் இருக்கிறார். கம்பி வழியே வருகிற செய்திக்கு இவை எதுவும் கிடையாது. அது தன் அடையாளத்தைத் தானே சுமந்து வர வேண்டும்.

ராணி மேரி கல்லூரியில் நான் படித்தது கணிதம். ஆனாலும் இந்தக் கூட்டல் கணக்குக்குப் பின்னால் ஒரு பெரிய கணிதக் கேள்வி இருக்கிறது என்று வங்கியில் இருந்த வரையில் எனக்குத் தோன்றவில்லை. அதைக் கொண்டுவந்தவள் என் அக்கா மகள். 2000-களின் தொடக்கத்தில் அவள் தி.நகர் ஜி.என். செட்டி சாலையில் இருந்த சென்னை கணிதவியல் கழகத்தில் படித்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டுக்குப் பிறகு, என் பழைய வேலையைப் பற்றிப் பேச்சு வந்தபோது சட்டென்று கேட்டாள்: "சித்தி, உங்க டெஸ்ட் நம்பர்ல எந்தக் கிளைக்குப் போகுதுன்னு ஒரு எண் இருந்துச்சா?" இருந்தது என்றேன். "அது ஒண்ணு இல்லாமத்தான் பதினேழு வருஷம் ஒரு ஓட்டை யார் கண்ணுலயும் படாம இருந்தது" என்று சொல்லி, காலண்டர் தாளின் பின்புறத்தில் மூன்று வரி எழுதிக் காட்டினாள்.

அந்த மூன்று வரிக்குச் சொந்தக்காரர்கள் ரோஜர் நீதம், மைக்கேல் ஷ்ரோடர் என்ற இருவர். கம்ப்யூட்டர்கள் கம்பி வழியே பேசத் தொடங்கிய காலத்தில், 1978-இல், இரண்டு பேர் ஒருவரையொருவர் உறுதி செய்துகொள்ள என்னென்ன செய்திகளை எந்த வரிசையில் அனுப்ப வேண்டும் என்று ஒரு கட்டுரை எழுதினார்கள். அப்படிப்பட்ட வரிசைக்குத்தான் நெறிமுறை என்று பெயர். அதில் இரண்டு வகை நெறிமுறைகள் இருந்தன. முதல் வகையில் பழைய செய்தியைத் திருப்பி அனுப்பி ஏமாற்ற வழியிருப்பதை 1981-இல் டென்னிங், சாக்கோ இருவரும் காட்டினார்கள். நேரக்குறியைச் சேர்ப்பது அவர்கள் சொன்ன மருந்து. அக்கவுண்டன்ட் சொன்ன தேதி எண் நினைவுக்கு வருகிறதா?

இரண்டாவது வகைதான் அக்கா மகள் எழுதியது. நம் ஊரை வைத்தே சொல்கிறேன். மயிலாப்பூர், தி.நகர், அடையாறு என்று மூன்று கிளைகள். ஒவ்வொரு கிளைக்கும் ஒரு பூட்டு. எந்தப் பூட்டையும் யாரும் பூட்டலாம். அந்தந்தக் கிளைதான் திறக்க முடியும். மயிலாப்பூர், தி.நகரோடு பேச விரும்புகிறது. இதுவரை யாரும் பயன்படுத்தாத ஓர் எண்ணை எடுத்து, தன் பெயரோடு சேர்த்து, தி.நகர்ப் பூட்டால் பூட்டி அனுப்புகிறது. தி.நகரில் இருப்பவரோ கெட்டுப்போனவர். அவர் அதைத் திறந்து, அதே எண்ணையும் மயிலாப்பூரின் பெயரையும் அடையாற்றுப் பூட்டால் பூட்டி அடையாற்றுக்கு அனுப்புகிறார். மயிலாப்பூர்தான் பேசுகிறது என்று நினைத்த அடையாறு, அந்த எண்ணோடு தன்னுடைய புது எண் ஒன்றையும் சேர்த்து, மயிலாப்பூர்ப் பூட்டால் பூட்டிப் பதில் போடுகிறது. தி.நகரால் அதைத் திறக்க முடியாது. திறக்கவும் வேண்டாம், அப்படியே மயிலாப்பூருக்குத் தள்ளிவிட்டால் போதும். திறந்து பார்த்த மயிலாப்பூர், தான் அனுப்பிய எண் திரும்பி வந்திருப்பதால் இது தி.நகரின் பதில் என்று நம்பி, அந்தப் புது எண்ணைத் தி.நகர்ப் பூட்டால் பூட்டித் திருப்பி அனுப்புகிறது. அடையாற்றின் ரகசிய எண் தி.நகர் கையில் விழுந்துவிட்டது. அதை அடையாற்றுக்கு அனுப்பினால், அன்று முழுவதும் அடையாறு தி.நகரோடு பேசிக்கொண்டு மயிலாப்பூரோடு பேசுவதாக நினைக்கும்.

எந்தப் பூட்டும் உடையவில்லை என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். மயிலாப்பூரும் அடையாறும் சட்டப்படிதான் நடந்தன. இதைக் கண்டுபிடித்துச் சொன்னவர் காவின் லோ, ஆண்டு 1995. நெறிமுறைகளை ஆராய்வதற்கென்றே பரோஸ், அபாடி, நீதம் மூவரும் உருவாக்கிய தர்க்கமுறை 1989-லேயே வந்துவிட்டது. இதே நெறிமுறையை அதில் போட்டும் பார்த்தார்கள். இந்த ஓட்டை அதில் தென்படவில்லை. உள்ளே இருக்கும் கிளைக்காரர்கள் எல்லோரும் நல்லவர்கள் என்ற எண்ணம் அந்தக் கணக்குக்குள் இருந்ததுதான் காரணம். லோ சொன்ன திருத்தம் ஒரே ஒரு சொல். அடையாறு பதில் போடும்போது தன் பெயரையும் பூட்டுக்குள் வைத்துவிட வேண்டும். "நான் தி.நகரோடு அல்லவா பேசினேன், அடையாறு எங்கே வந்தது?" என்று மயிலாப்பூர் நிறுத்திவிடும். அடுத்த ஆண்டே லோ இதைக் கம்ப்யூட்டர் நிரலிடம் கொடுத்து, வரக்கூடிய வழிகளையெல்லாம் அதையே தேட வைத்துக் காட்டினார்.

ஆக, அனுபவம் கற்றுக்கொடுத்ததைக் கணிதம் நிரூபித்துக் காட்டியது என்று சொல்லி நிறுத்திவிடலாம். ஆனால் நான் சொல்ல வந்தது அதற்கு அடுத்தது. ஒரு நெறிமுறையை நம் முன்னே வைத்தால், அதில் ஓட்டை உண்டா இல்லையா என்று எப்போதும் சரியாகச் சொல்லிவிடும் ஒரு வழிமுறை இருக்க முடியுமா? இந்தக் கேள்விக்கு நல்ல விடை ஒன்று நம் ஊரிலிருந்து போயிருக்கிறது. அதைப் பற்றி மயிலாப்பூர்க்காரர்களுக்கோ மாம்பலத்துக்காரர்களுக்கோ தெரியாமலிருப்பது எனக்கு வருத்தம்.

அந்த விடை வந்த வழியைச் சொல்ல லஸ் சர்ச் சாலையில் ஒரு வீட்டிலிருந்து தொடங்க வேண்டும். அரசியல் சட்ட வரைவுக் குழுவில் இருந்த அல்லாடி கிருஷ்ணசுவாமி ஐயரின் குடும்ப வீடான ஏகாம்ர நிவாஸ் அது. அவருடைய மகன் அல்லாடி ராமகிருஷ்ணன் ஐம்பதுகளின் இறுதியில் தம் மாணவர்களை அந்த வீட்டுக்கு வரவழைத்துக் கோட்பாட்டு இயற்பியல் கருத்தரங்கு நடத்தினார். 1960 ஜனவரியில் இயற்பியலாளர் நீல்ஸ் போர் வந்து பார்த்துப் பாராட்டினார். அமைச்சர் சி. சுப்பிரமணியம் நேருவின் கவனத்துக்கு இதைக் கொண்டுபோனார். 1962 ஜனவரி 3 அன்று மேட்சயன்ஸ் என்று ஊர் அழைக்கும் கணித அறிவியல் நிறுவனம் பிறந்தது. மாநிலக் கல்லூரியில் நடந்த தொடக்க விழாவுக்கு வானியற்பியலாளர் எஸ். சந்திரசேகர் வந்திருந்தார். அறுபதுகளின் முடிவில் அது அடையாற்றைத் தாண்டித் தரமணிக்குக் குடிபோனது. இயற்பியலும் கணிதமும் மட்டுமாக இருந்த இடத்தில் எண்பதுகளில் கணினி அறிவியலும் சேர்ந்தது.

இரண்டாவது முகவரி ஜி.என். செட்டி சாலை, 92. மேட்சயன்ஸில் இருந்த சி.எஸ். சேஷாத்ரி 1989-இல் ஸ்பிக் சயன்ஸ் ஃபவுண்டேஷனின் ஆதரவில் ஒரு கணிதப் பள்ளியைத் தொடங்கினார். அதுதான் பிறகு சென்னை கணிதவியல் கழகம் ஆனது. 1998-இல் பட்டப்படிப்பும் தொடங்கியது. சேஷாத்ரி உலகறிந்த கணிதர், கர்நாடக சங்கீதமும் பாடியவர். கீழே பட்டுப்புடவைக் கூட்டமும் நகைக்கடைக் கூட்டமும் போய்க்கொண்டிருக்க, அந்தத் தெருவில் கரும்பலகையில் தேற்றங்கள் நிரூபணமாயின. என் அக்கா மகளைப் பார்க்கப் போகும்போதெல்லாம் அது எனக்குப் பெருமையாக இருக்கும்.

இந்த இரண்டு இடங்களிலும் கணினி அறிவியல் என்றால் பெரும்பாலும் தர்க்கமும் தானியங்கிக் கோட்பாடும்தான். தரமணிக்காரர்களும் தி.நகர்க்காரர்களும் சேர்ந்தே வேலை செய்தார்கள். கமல் லோடயா, ஆர். ராமானுஜம், பி.எஸ். தியாகராஜன் மூவரும் 1992-இல் எழுதிய ஒரு கட்டுரை, ஒன்றோடொன்று செய்தி பரிமாறிக்கொள்ளும் முகவர்களுக்கான காலத் தர்க்கத்தைப் பற்றியது. ஒவ்வொரு முகவரும் தன் பக்கத்தில் நடப்பதை மட்டும்தான் பார்க்க முடியும். மற்றவர் பக்கம் என்ன நடந்தது என்பதை வந்த செய்தியை வைத்து ஊகிக்க வேண்டும். மயிலாப்பூர்க் கிளையில் உட்கார்ந்துகொண்டு மதுரைக் கிளையைப் பற்றி நான் செய்ததும் இதுதான். தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில் ராணி சிரோமணி மொழிக் கோட்பாட்டைக் கொண்டு, யாரும் பூட்டலாம் உரியவர் மட்டும் திறக்கலாம் என்ற வகைப் பொதுச்சாவிப் பூட்டுகள் அமைப்பது பற்றி எண்பதுகளிலேயே கட்டுரைகள் வெளியிட்டார் என்பதையும் இங்கே பதிவு செய்ய வேண்டும். அவரைப் பற்றித் தனியாகவே எழுதலாம்.

ராமானுஜத்தைப் பலருக்கும் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் வழியாகத் தெரியும். கணக்கைக் கண்டு பயப்படும் பிள்ளைகளுக்காகப் பல ஆண்டுகள் உழைத்தவர். 2000-களின் தொடக்கத்தில் தரமணியில் அவரும் அவருடைய ஆய்வு மாணவர் எஸ்.பி. சுரேஷும் எடுத்துக்கொண்டது நான் மேலே சொன்ன கேள்வியை. சுரேஷ் பிறகு சென்னை கணிதவியல் கழகத்தில் ஆசிரியரானார்.

கேள்வி எவ்வளவு கடினமானது என்பது அப்போதே தெரிந்திருந்தது. டோலெவ், யாவ் இருவரும் எண்பதுகளின் தொடக்கத்தில் வகுத்த களம் இது: பூட்டுகள் உடையாதவை என்று வைத்துக்கொள், ஆனால் கம்பி முழுவதும் திருடன் கையில். அவன் எதையும் படிப்பான், நிறுத்துவான், மாற்றுவான், பழையதை மறுபடி அனுப்புவான், சாவி இல்லாமல் திறக்க மட்டும் மாட்டான். இந்தக் களத்தில் ரகசியம் காக்கப்படுமா என்பதைப் பொதுவாகத் தீர்மானிக்கும் வழிமுறையே இருக்க முடியாது என்பது நிரூபணமானது. செய்திகள் குட்டையாக இருக்க வேண்டும் என்று கட்டுப்படுத்தினாலும், புதுப்புது எண்களை வரம்பில்லாமல் எடுக்க விட்டால் தீர்மானிக்க முடியாது என்று 1999-இல் டர்ஜின், லிங்கன், மிட்செல், செட்ரோவ் நால்வரும் காட்டினார்கள். நெறிமுறை எத்தனை தடவை ஓடலாம் என்பதற்கு வரம்பு வைத்தால் தீர்மானிக்கலாம். ஆனால் வங்கி நாளைக்கும் திறக்கும், அடுத்த வருஷமும் திறக்கும்.

தரமணியில் அவர்கள் செய்தது செய்திகளின் மேல் ஒரு நிபந்தனை வைத்தது. பூட்டிய ஒவ்வொரு துண்டும், தான் எந்த நெறிமுறையின் எந்தப் படியில் வருகிறது, எந்த ஓட்டத்தைச் சேர்ந்தது என்பதைத் தனக்குள்ளேயே சொல்ல வேண்டும். ஒரு படிக்கான துண்டை எடுத்து இன்னொரு படியில் செருக முடியாது. நேற்றைய துண்டை இன்றைக்குக் காட்ட முடியாது. இப்படி அடையாளக் குறி போட்ட நெறிமுறைகளில் புது எண்கள் எத்தனை வந்தாலும், ரகசியம் காக்கப்படுமா இல்லையா என்று திட்டவட்டமாகத் தீர்மானித்துவிடலாம். 2003 டிசம்பரில் மும்பையில் நடந்த மாநாட்டில் இந்த முடிவு வெளியானது. 2005-இல் விரிவான கட்டுரையாக ஆய்விதழில் வந்தது. குறி போடும் யோசனை அவர்களுக்கு முன்பே இருந்தது. ஹெதர், லோ, ஷ்னைடர் மூவரும் 2000-இல் அதைத் தவறான வகைச் செய்திகளைத் தடுக்கப் பயன்படுத்தினார்கள். வரம்பற்ற புது எண்களுக்கும் அது தாங்கும் என்பதுதான் தரமணியிலிருந்து போன நிரூபணம்.

இது நேரடியாக ரகசியத்தைப் பற்றிய தேற்றம். ஆள் அடையாளத்தைப் பற்றியது அல்ல. ஆனால் மூன்று கிளைக் கதையில் இரண்டும் ஒன்றாகத்தான் உடைந்தன. எண் வெளியே போனதால் ஆள் மாறாட்டம் நடந்தது, ஆள் மாறாட்டம் நடந்ததால் எண் வெளியே போனது. அக்கா மகள் அந்தக் கட்டுரையைக் கொண்டுவந்து கொடுத்தபோது நிரூபணத்தின் நடுப்பகுதியில் எனக்கு மூச்சு வாங்கியது. நிபந்தனைகளைப் படித்தபோது மட்டும், பெட்டகத்துக்குள் இருந்த கோட் புத்தகத்தின் அட்டவணைகளை ஒவ்வொன்றாகப் புரட்டுவதுபோல இருந்தது.

தந்தி 2013 ஜூலையில் நின்றுபோனது. டெஸ்ட் நம்பர் அதற்கு வெகு முன்பே எங்கள் மேஜையை விட்டுப் போய்விட்டது. 2009 ஆகஸ்ட் முதல், இணையத்தில் கார்டு மூலம் பணம் கட்ட அட்டையில் இல்லாத ஒரு கூடுதல் உறுதி வேண்டும் என்று ரிசர்வ் வங்கி ஆணையிட்டது. அதன் வழியே வீட்டுக்கு வீடு வந்தது ஓடிபி. மந்தைவெளியில் எங்கள் குடியிருப்பில் ஒருவர், "உங்கள் கணக்கைப் புதுப்பிக்கிறோம்" என்று போனில் பேசியவனிடம் ஓடிபியைச் சொல்லிப் பணத்தை இழந்தார். எண் உண்மையான எண்; அனுப்பியதும் உண்மையான வங்கி. வேறொரு காரியத்துக்கு வந்த எண் இது என்பது மட்டும் அவருக்குத் தெரியவில்லை. இவ்வளவு தொகை, இன்ன கடைக்கு என்று எண்ணோடு சேர்த்து வரும் குறுஞ்செய்தியைத்தான் நான் நம்புகிறேன். அக்கம்பக்கத்தாரிடம் எண்ணுக்கு முன்னால் அந்த வரியைப் படியுங்கள் என்று சலிக்காமல் சொல்லிவருகிறேன்.

சென்னை கணிதவியல் கழகம் 2005-இல் சிறுசேரிக்குப் போய்விட்டது. நெறிமுறை ஆராய்ச்சி நிற்கவில்லை. ராமானுஜமும் சுரேஷும் ஏ. பாஸ்கரோடு 2007-இலும், பிறகு வைஷ்ணவி சுந்தரராஜனோடும் எடுத்துக்கொண்டது வாக்களிக்கும் நெறிமுறைகளை. இங்கே கேள்வியே தலைகீழ். வங்கி ஊழியர்களைத் தேர்தல் பணிக்கு அழைப்பார்கள், நானும் போயிருக்கிறேன். முதல் அலுவலர் வாக்காளரின் பெயரையும் வரிசை எண்ணையும் உரக்கப் படிப்பார், ஏஜென்டுகள் தங்கள் பட்டியலில் சரிபார்ப்பார்கள். இரண்டாமவர் விரலில் மை வைத்துப் பதிவேட்டில் கையெழுத்து வாங்குவார். அதுவரை அடையாளம் முழுவதும் தெரிய வேண்டும்; மறைப்புக்குப் பின்னால் போன நொடியிலிருந்து அது எதுவும் தெரியக் கூடாது. சாவடியில் இதை அட்டைத் தடுப்பு செய்துவிடுகிறது. கம்பி வழியே வாக்களித்தால் யார் செய்வது?

1992-இல் ஃபூஜியோகா, ஒகமோட்டோ, ஓட்டா மூவரும் வகுத்த ஒரு நெறிமுறையில், அதிகாரி உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமலே வாக்குச்சீட்டின் மேல் கையெழுத்திடுகிறார். அப்படிப்பட்ட கையொப்பத்தைக் கணக்குக்குள் கொண்டுவந்தால், திருடனால் என்னவெல்லாம் தெரிந்துகொள்ள முடியும் என்று பார்ப்பதே பன்மடங்கு கடினமாகிவிடுகிறது. பாஸ்கரும் மற்ற இருவரும் 2010-இல் நிரூபித்தது அதை. எனவே 2014-இல் ராமானுஜமும் சுரேஷும் வைஷ்ணவியோடு சேர்ந்து வேறு வழி தேடினார்கள். செய்தியோடு ஒரு கூற்றையும் அனுப்பலாம். கூற்றை நிரூபிக்கலாம், ஆனால் அதற்குள் இருப்பதைக் காட்ட வேண்டியதில்லை. தன் வாக்கை அனுப்பும் பெண் அதோடு சேர்த்துச் சொல்வது இவ்வளவுதான்: ஒருவர் இருக்கிறார்; அவர் பெயர் இந்தப் பட்டியலில் இருக்கிறது; இதற்குள் இருப்பது அவருடைய வாக்கு. பெயரைச் சொல்வதில்லை.